எதிர்முனையில் இருப்பவர் எப்போது திரும்புவார்?

1

ஜெர்மனியில் இன்டர்நெட் சரியில்லை என்று சொன்னால் திருச்செங்கோட்டில் ஒரு ஆளாவது நம்ப வேண்டுமே! “என்ன பாப்பா கதை உடற? அத்தாம்பெரிய காரெல்லாம் செய்யறானுங்க, ஒரு ஒயரு ஒழுங்காப் போடத் தெரியாதா?” என்று என் அண்ணன் சிரிப்பார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் அவருக்கு நான் பாப்பாதான். அவர் வீட்டுக்கு வரும் ஒயர் கேபிள்காரர் இழுத்தது. மின்கம்பத்தில் ஒரு சுற்று, தென்னைமரத்தில் ஒரு சுற்று, பக்கத்து வீட்டு மொட்டைமாடிக் கம்பியில் ஒரு முடிச்சு என்று ஊரைச் சுற்றி வரும். காற்றடித்தால் ஆடும். ஆனால் படம் நிற்காது. எங்கள் ஒயர் மண்ணுக்கடியில் பத்திரமாகப் படுத்திருக்கிறது, வேலை மட்டும் செய்யாது.

அண்ணன் இப்போது இல்லை. வருகிற மாதம் வருஷத் திதி. அண்ணி போனில் நாள் சொன்னார். வர முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகளின் பாஸ்போர்ட் இங்கே வெளிநாட்டினர் அலுவலகத்தில் கிடக்கிறது. அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போக மனமில்லை. எப்போது கிடைக்கும் என்று கேட்டு எழுதினால், உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் கடிதம் வருகிறது. அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. பாழாய்ப்போன தபால் மட்டும் இந்த நாட்டில் ஒழுங்காக வரும்.

அண்ணி பெரிய மனதோடு, “வர முடியலேன்னா உடு கோகிலா, அங்கிருந்தே கும்பிட்டுக்க” என்றார். அதை மகளிடம் சொன்னேன். இலக்கியாவுக்குப் பதின்மூன்று வயது. காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமல் பேசுகிற வயது. அன்றைக்குக் கழற்றினாள்.

“அப்ப நான் வேற வழியா மாமா வீட்டுக்குப் போறேன்” என்றாள், ஜெர்மனில். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பிய பிறகுதான் எந்த வீட்டைச் சொல்கிறாள் என்று விளங்கியது.

2

அது ஒரு விளையாட்டு. மண், கல், மரம் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். வெட்டலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம். அந்த உலகம் முழுவதும் அண்ணனின் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அவர் தன் அறையில் அதைத் திறந்து வைத்தால், இவள் இங்கிருந்து உள்ளே போவாள். அவர் மூடிவிட்டால் அந்த உலகமே கிடையாது.

அதற்கு முன்னால் இருவரும் போனில் பேசுவது பார்க்கச் சகிக்காது. “சாப்ட்டியா சாமி?” “ம்.” “பள்ளிக்கூடம் போறியா?” “ம்.” “சரி, அம்மாகிட்டக் குடு.” பிள்ளை அவ்வளவுதான், கையை விட்டுப் போய்விட்டது என்று நான் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அண்ணன் அப்படி விடுகிற ஆள் இல்லை. என்ன விளையாடுகிறாள் என்று கேட்டு, அதையே தன் கம்ப்யூட்டரிலும் ஏற்றி, கேபிள்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஜெர்மனியிலிருந்து ஒரு பிள்ளை தன் வீட்டுக்குள் வர வழி செய்து வைத்தார்.

சனிக்கிழமைதோறும் எங்களுக்குக் காலை, அவர்களுக்கு மதியச் சோற்றுக்கு முந்திய நேரம். அண்ணனுக்கு ஒரு போர்வெல் கம்பெனியில் வேலை. எந்த ரிக் வண்டி எந்த ஊரில் நிற்கிறது, அடுத்தது எங்கே போக வேண்டும் என்று நாளெல்லாம் போனிலேயே வண்டி ஓட்டுவார். சின்ன வயதில் அவரே ரிக்கில் நின்று போர் போட்டவர். அந்தக் கை சும்மா இருக்குமா? விளையாட்டுக்குள் போன முதல் நாளே நேராகக் கீழே தோண்ட ஆரம்பித்துவிட்டார். நேராகத் தோண்டினால் நெருப்புக் குழம்பில் விழுந்து செத்துப்போவோம், அந்த விளையாட்டில் அது குழந்தைக்கும் தெரியும்.

“மாமா, நேரா தோண்டாதீங்க! சைடுல தோண்டணும்!”

“சைடுல தோண்டுனா அதுக்குப் பேரு வாய்க்கா சாமி. போருன்னா நேராத்தான் போவும்.”

செத்தார். மறுபடி வந்தார். மறுபடி நேராகத் தோண்டினார். இவள் விழுந்து விழுந்து சிரித்ததை அன்றைக்குத்தான் வெகு நாளைக்குப் பிறகு கேட்டேன். இருவரும் சேர்ந்து ஒரு வீடு கட்டினார்கள். வாசலில் ஒரு பலகை நட்டு, “எங்க ஊடு” என்று அண்ணன் எழுதினார். இவள் அதைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக் கட்டுரையில் “எனக்கு இரண்டு ஊடு உள்ளது” என்று எழுதி, சிவப்பு மையில் சுழி வாங்கி வந்தாள். “மிஸ்ஸுக்குத் தெரியாதும்மா, மாமாதான் கரெக்ட்” என்று ஒரே பிடி.

அண்ணனிடம் ஒரு பழக்கம் இருந்தது. விளையாடி முடித்ததும், அன்றைக்குத் தோண்டிய குழியின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைப்பார். தோண்டிக்கொண்டே இருக்கும்போது வைக்கமாட்டார். எழுந்து போகும்போது வைக்காமல் போகமாட்டார். விளையாட்டுதானே, எதற்கு என்று இலக்கியா கேட்டாள்.

“போரு போட்டவன் குழியத் தொறந்து போட்டுட்டு ஊட்டுக்கு வரக் கூடாது சாமி. கொழந்தைக நடமாடற எடம்.”

“இங்க குழந்தையே இல்லையே மாமா.”

“நீ இருக்கறயே!”

3

அந்தச் சனிக்கிழமை நான் சமையலறையில் இருந்தேன். எங்கள் லைன் வழக்கம்போல இழுத்துக்கொண்டிருந்தது. இலக்கியா, “மாமா, நிக்குது... மாமா, நிக்குது” என்று கத்திக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். படம் உறைந்துவிட்டது. பேச்சு மட்டும் விட்டுவிட்டு வந்தது. படத்தில், அன்றைக்குத் தோண்டிய குழியின் விளிம்பில், விளையாட்டுக்குள் அண்ணனாக நடமாடும் பொம்மை குனிந்து நின்றது. குழி திறந்து கிடந்தது. அப்போது “வாரேன் சாமி” என்று அவர் குரல் வந்தது. பிறகு திரை கறுத்து, ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று எழுத்து வந்தது.

வருவார் என்று இவள் காத்திருந்தாள். நான் சாப்பிடக் கூப்பிட்டேன். “மாமா வரேன்னு சொன்னார்” என்றாள். தோசை ஆறிப்போனது. பிறகு போன் அடித்தது. எடுத்தேன், அண்ணி வீட்டு ஆட்கள். சோற்றில் கை வைத்தவர் நெஞ்சு கரிக்கிறது என்று எழுந்திருக்கிறார். ஈரோட்டுக்குக் காரில் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நான் மட்டும் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது மகள் தமிழில் பேசுவதை நிறுத்தியிருந்தாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் எப்போதாவது தமிழில் வரும்: “மாமா வரேன்னு சொன்னார், வரலை.” பிள்ளை துக்கத்தில் பேசுகிறது என்று நினைத்து நான் தலையைத் தடவிவிடுவேன். அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

4

இப்போது மாமா வீட்டுக்குப் போக வேண்டும் என்றவள், முதலில் நம் லைனைச் சரிசெய் என்றாள், அதுவும் ஜெர்மனில்தான். “அத்தையை அந்த ரூமை ரெண்டு தடவை திறக்க வைக்கக் கூடாதும்மா. ஒரே தடவையில கனெக்ட் ஆகணும்.” பேச்சில் எத்தனை பெரிய மனுஷி, பாருங்கள்.

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்தேன். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்றாள் அங்கே ஒரு பெண். கணவர் பெயரில் இருக்கிறது, அவர் ஷிப்டில் இருக்கிறார், நான் மனைவி என்றேன். மகிழ்ச்சி, ஆனால் உரிமையாளர்தான் பேச வேண்டும் என்றாள். கணவர் ஒருநாள் லீவு போட்டு, “நான்தான் உரிமையாளர். என் மனைவி பேசுவாள்” என்று மட்டும் சொல்லிவிட்டு போனை என்னிடம் கொடுத்தார். ஊரில் லாரிக்குப் பாடி கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். வார்த்தை விரயம் கிடையாது.

டெக்னீஷியன் காலை முழுவதும் காக்கவைத்து வந்தார். சுவரில் மீட்டரைச் சொருகிப் பார்த்தார். “இந்தச் சுவர் வரைக்கும் எல்லாம் பிரமாதம்” என்றார். சுவருக்கு இந்தப்பக்கம்தானே நாங்கள் குடியிருக்கிறோம் என்று ஜெர்மனில் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். இலக்கியா அவர் பக்கத்திலேயே நின்று ஒரு கேள்வி கேட்டாள். போன வருஷம், இன்ன மாதம், ஒரு சனிக்கிழமை காலை, இந்த லைன் அறுந்ததா என்று உங்கள் கம்பெனியில் பார்க்க முடியுமா? அதெல்லாம் வைத்திருப்பதில்லை என்று அவர் பையை மூடினார். இவள் முகம் செத்துவிட்டது. இதை எதற்குக் கேட்கிறாள் என்று நான் அப்போதும் யோசிக்கவில்லை.

இன்டர்நெட் பெட்டியை மாற்றினார்கள். கொஞ்சம் தேவலாம். ஆனாலும் விளையாட்டில் பழைய முகவரியைப் போட்டால் போய்ச் சேரவில்லை. மறுபடி போன். இந்த முறை பேசிய பையன் நல்ல மாதிரி. “நீங்கள் யாருடைய கம்ப்யூட்டருடன் இணைகிறீர்கள்?” என்று கேட்டான். என் அண்ணனுடையது என்றேன். “அவர் பக்கம் இருக்கும் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்களேன்.”

செத்துப்போனார் என்று வெறுமனே சொல்கிற பழக்கம் நமக்கு எங்கே இருக்கிறது? ஊரில் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டேன். “அவர் இல்லைங்க.” அதை அப்படியே ஜெர்மனில் சொன்னால் அவர் வெளியே போயிருக்கிறார் என்று பொருள்.

“பரவாயில்லை. எப்போது திரும்புவார்?”

“தெரியவில்லை” என்றேன். வேறு என்ன சொல்வது?

“சரி, அவர் வரும்வரை உங்கள் புகாரைத் திறந்தே வைக்கிறேன்” என்றான். அன்றிலிருந்து வாரம் தவறாமல் குறுஞ்செய்தி வருகிறது. ‘எதிர்முனையில் இருப்பவர் திரும்பிவிட்டாரா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு அனுப்பவும்.’ முதல் முறை பார்த்தபோது டிராமில் இருந்தேன். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

5

ஊர்ப்பக்கம் என்ன கோளாறு என்று கேபிள்காரரைக் கேட்டேன். “அக்கா, இப்பெல்லாம் தெரு முச்சூடுக்கும் ஒரே அட்ரஸ்தானுங்க. உள்ளயிருந்து வெளிய போலாம், வெளியிலிருந்து ஒருத்தரும் தேடிட்டு உள்ள வர முடியாதுங்க. உங்க அண்ணன் கேட்டாருன்னு அவருக்கு மட்டும் தனி அட்ரஸ் போட்டுக் குடுத்தனுங்க. அவரு போனப்பறம் எடுத்துட்டனுங்க. மன்னிச்சுக்கோங்க.” இதில் மன்னிக்க என்ன இருக்கிறது? ஆள் போனால் முகவரியும் போகிறது, ரேஷன் கார்டில் பெயர் எடுத்த மாதிரிதான்.

வேறு வழி இலக்கியாவுக்குத் தெரிந்திருந்தது. விபிஎன். வெளியே இருக்கும் வாசல் எதையும் நம்பாமல், இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே தனி வழி ஒன்றைப் போட்டுக்கொள்வது. அது என்ன செய்யும் என்று கேட்டேன். “நம்ம லேப்டாப்பும் மாமா கம்ப்யூட்டரும் ஒரே வீட்டுல இருக்குன்னு ரெண்டையும் நம்ப வைக்கும்மா” என்றாள் ஜெர்மனில். சரி, அதை ஏதோ ஒன்றாவது நம்பட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணியிடம் நான்தான் கேட்டேன். “அந்த ரூமத் தொறந்து கூட்டறதோட சரி. அந்தப் பொட்டியத் தொடறதில்லை கோகிலா. தொட்டா அவரு வெச்சது வெச்ச மாதிரி இருக்காதேன்னு” என்றார். பிறகு அவரே, “சாமி கேக்குதா? அப்பச் செரி” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குக் காலை. வீடியோ காலில் அண்ணி கம்ப்யூட்டரின்மேல் போர்த்தியிருந்த துண்டை எடுத்தார். அண்ணனின் ஈரிழைத் துண்டு. அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் போனவர் மாதிரியே இருமி இருமித்தான் எழுந்தது.

“அத்தை, எலியைப் பிடிங்க” என்றாள் இலக்கியா.

“எலியா? ஐயய்யோ, ரூமு பூட்டியே கெடந்துச்சே! எங்க சாமி?” அண்ணி காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

மவுஸுக்கு ஜெர்மனிலும் எலி என்றுதான் பெயர். என் மகள் அதைத் தமிழாக்கிவிட்டாள். நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் அண்ணி சிரித்துவிட்டார், வருஷத்தில் முதல் தடவை. உடனே குற்றம் செய்தவர் போல வாயைப் பொத்திக்கொண்டார். பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே அமுக்கு, அங்கே அமுக்கு என்று விபிஎன்னை ஏற்றி, அண்ணனின் விளையாட்டையும் திறந்து வைத்தார்கள். எங்கள் திரையில் ஒரு பட்டியல் வந்தது. ‘இந்த வீட்டில் உள்ளவர்கள்’ என்று தலைப்பு. முதல் பெயர் இலக்கியா. அதன்கீழே முருகேசன், பச்சைப் புள்ளி, ‘இணைப்பில் இருக்கிறார்’. என் அண்ணனின் பெயர். கம்ப்யூட்டருக்குத் தன் பெயரையே வைத்திருந்தார் மனிதர். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இலக்கியா விளையாட்டுக்குள் போகும் பொத்தானை அமுக்கவில்லை. பிறகு போனைப் பார்த்து, ஒரு வருஷமாகப் பேசாத தமிழைக் கூட்டிக்கூட்டிக் கேட்டாள்.

“அத்தை... அன்னைக்கு எங்க இன்டர்நெட்தான் கட் ஆச்சா? மாமாவுக்கு அப்பவே வலிச்சதா? அவர் ஹெல்ப் கேட்டாரா? எனக்கு வரேன்னு மட்டும்தான் கேட்டுச்சு. அப்புறம் கட் ஆயிடுச்சு. கேட்டிருந்தா நான் உங்களுக்கு போன் பண்ணிருப்பேன். நீங்க சீக்கிரம் வந்திருப்பீங்க.”

அட என் கண்ணே. வருஷம் முழுக்க இதைத்தானா நெஞ்சில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய்? அந்தக் கம்பெனிக்காரனிடம் இதற்காகத்தானா கேட்டாய்?

அண்ணி பொய் சொல்லவில்லை. “எனக்குத் தெரியலையே சாமி. நான் சமையக்கட்டுல இருந்தேன். அவரு வந்தாரு, உக்காந்தாரு. அதுக்கு முன்னால ரூமுக்குள்ள என்னாச்சுன்னு நான் பாக்கலயே.”

6

பொத்தானை அமுக்கினாள். சற்றுநேரம் சுற்றியது. திறந்தது.

உள்ளே அதே மத்தியானம். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்வரை அங்கே நேரம் நகராதாம். அண்ணன் விட்டுப்போன இடத்திலேயே சூரியன் நின்றது. பாதி வெட்டிய கரும்பு பாதியாகவே நின்றது. ‘எங்க ஊடு’ பலகை நின்றது. குழி இருந்த இடம் வீட்டுக்குப் பின்பக்கம். இலக்கியா அங்கே போகாமல் வாசலிலேயே நின்றாள். அவள் மனதில் ஒரு வருஷமாக உறைந்து நின்ற படம் எனக்கும் தெரியும்: திறந்த குழி, விளிம்பில் குனிந்த உருவம். நான் அவள் தோளில் கை வைத்தேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள்.

குழியின்மேல் கல் இருந்தது.

நடுவாகப் பார்த்து, நாலு பக்கமும் சரியாக உட்கார வைத்த கல். பக்கத்தில் இருந்த பெட்டியைத் திறந்தால், உள்ளே மண்வெட்டியை எடுத்து வைத்திருந்தார். அவருடைய பொம்மை குழியருகில் இல்லை. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

“மூடி வச்சிருக்கார்மா” என்றாள் இலக்கியா. “அம்மா, மூடி வச்சிருக்கார். என் படம்தான் நின்னுடுச்சு. அதுக்கப்புறம் அவர் மூடிட்டுத்தான்...”

அண்ணி அங்கே திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “இதுவா சாமி? இந்தக் கல்லா?” பிறகு நிதானமாகச் சொன்னார்: “அப்பறம் என்ன? வேலைய முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சிருக்காரு. நோவு இருந்தா மூடி போட்டுட்டு, கதவச் சாத்திட்டு வருவாரா? உன்றகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்திருக்காரு.”

“வரேன்னுதானே சொன்னார்?”

“ஆமா சாமி. போறேன்னு சொல்லலாமா?”

இலக்கியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் இந்த வீட்டில் வெளியே கிளம்பும்போது ‘சூஸ்’ என்கிறோம். ஜெர்மன்காரர் சொல்கிற மாதிரி, சின்ன விசில் போல ஒரு சத்தம். வாரேன் என்று சொல்லி இந்த வாசலைத் தாண்டியவர் யாருமில்லை. அது விடைபெறுகிற வார்த்தை என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தமிழ்ப் பள்ளிப் புத்தகத்தில் வருகிறேன் என்றால் வருவதுதான். அண்ணனும் சொன்னபடி ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தவர்தான். பிள்ளை புத்தகத்தை நம்பிக் காத்திருந்திருக்கிறது.

அதன்பிறகு வெகு நேரம் இருவரும் விளையாட்டுக்குள்ளேயே நின்றார்கள். இவள் கதவைத் திறந்து வீட்டுக்குள் போய் மாமாவின் பக்கத்தில் நின்றாள். அண்ணிக்கு எந்தப் பொத்தானும் தெரியாது. “நான் என்ன பண்ணோணும் சாமி?” என்றார். “ஒண்ணும் பண்ண வேணாம் அத்தை. சும்மா இருங்க.” இரண்டு பொம்மையும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. அந்தப் பொம்மையின் கண்வழியாகத்தான் அண்ணி எங்களைப் பார்க்கிறார் என்று நினைத்தபோது நான் எழுந்து ஜன்னலருகே போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமைத் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

“சரி அத்தை” என்று பின்னால் இலக்கியாவின் குரல் கேட்டது. “வாரேன்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “வா சாமி.”

கதவைச் சாத்தினாள். திரை கறுத்தது. ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று வந்தது. யாரும் பதறவில்லை.

7

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து வழக்கமான செய்தி வந்தது. எதிர்முனையில் இருப்பவர் திரும்பிவிட்டாரா? இத்தனை வாரமாக ஒன்றும் அனுப்பவில்லை, இரண்டும் அனுப்பவில்லை. அன்றைக்கு, இல்லை என்று இரண்டை அமுக்கினேன். புகார் முடிக்கப்பட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி என்று வந்தது. அது வந்த பிறகுதான் புரிந்தது. யாரோ நினைவு வைத்து வாரம் தவறாமல் அண்ணனை விசாரித்துக்கொண்டிருந்தார்கள், அதையும் நானே நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை இலக்கியா பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். சூஸ் வரும் என்று நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

“வாரேம்மா” என்றாள்.

சோப்புக் கையோடு ஓடி வந்தேன். அதற்குள் படியில் இறங்கிவிட்டாள். “வா சாமி” என்று மாடியிலிருந்து கத்தினேன். கேட்டதோ என்னவோ. அவள் திரும்பி வந்து கதவைத் திறக்கும் சத்தம் கேட்கிறவரைக்கும் அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.